பைனாகுலர் கோளாறும் வாரண்டித் தகராறும்: அறிகுறி பார்த்து வழி தேட

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் பைனாகுலர் பழுதானால், பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்க் காட்ட ஒரு பட்டறை இருக்காது. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்ப வேண்டும். அனுப்பிய பொருள் சில வாரம் கழித்து ‘வாரண்டியில் சேராது’ என்ற ஒற்றைத் தாளோடு அதே பெட்டியில் திரும்பி வரும். அந்தத் தாளை வரவழைத்தது பல நேரங்களில் பொருளின் கோளாறு அல்ல. அதை நாம் எழுதிக் கொடுத்த விதமும், அனுப்புமுன் நாமே கைவைத்ததும்தான்.

அதனால் முதல் பாடம் இது: அறிகுறியை எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள். ‘பூசணம் பிடித்துவிட்டது’ என்று எழுதினால் அது காரணம். வாரண்டிக் கார்டில் பூசணம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். ‘தண்ணீர் புகாது என்று விற்ற பைனாகுலரின் வலது குழலுக்குள் ஈரம் தெரிகிறது’ என்பது அறிகுறி. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய உண்மைதான். ஆனால் இரண்டாவதைப் படிப்பவர், நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைச் சோதித்தாக வேண்டும்.

கைவைக்குமுன்

திருகாணி எதையும் கழற்றாதீர்கள். தலையில் ஒரு கீறல் இருந்தாலும் ‘வெளியார் திறந்துவிட்டார்’ என்று எழுதிவிடுவார்கள், அதற்குப் பிறகு வாதம் கிடையாது. ஈரத்தைக் காயவைக்க வெயிலில் வைப்பது, காடியின் டேஷ்போர்டில் போடுவது, முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவது எல்லாமே தவறு. சூட்டில் ஃபோக்கஸ் சக்கரத்தின் கிரீஸ் இளகி ஆவியாகி லென்ஸின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படியும். ஈரம் மட்டும் இருந்த இடத்தில் அப்போது இரண்டு கோளாறு சேர்ந்துவிடும். அரிசியில் புதைத்தால் சக்கரத்துக்குள் மாவுதான் போகும்.

படம் எடுத்த பிறகே துடையுங்கள். ஆறு பக்கமும் ஒவ்வொரு படம், சீரியல் நம்பர் தெளிவாக ஒரு படம், கோளாறு தெரியும்படி ஒரு வீடியோ. ரெசிட் சூட்டில் அச்சாகும் தாள் என்றால், நம் ஊர் வெக்கையில் ஒரு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கின அன்றே படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் விளம்பரப் பக்கத்தையும் படமாகச் சேமியுங்கள். ‘வாட்டர்ப்ரூஃப்’, ‘2 வருட வாரண்டி’ என்ற சொற்கள் அதில் இருக்கும். விற்றவர் அந்தப் பக்கத்தை நாளைக்கே எடுத்துவிடலாம்.

அறிகுறி: வெளியே கொண்டுபோனதும் பால்போல் மூடிக்கொள்கிறது

ஏர்கோன் அறையிலிருந்தோ காடியிலிருந்தோ எடுத்து வெளியே வந்ததும் லென்ஸ் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொருளை அல்ல, காற்றை. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் நீர் படியும். துணியால் துடையுங்கள். போய்விட்டால் அது வெளிப்பக்கம், கோளாறே இல்லை. புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே பையோடு வெளித் திண்ணையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. பொழுது விடியுமுன் செம்பனைக் காட்டில் ஆந்தைக் கூடு பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த அரைமணி நேரம் மிக முக்கியம்.

துடைத்தும் போகவில்லை என்றால் ஈரம் உள்ளே. நைட்ரஜனோ ஆர்கனோ நிரப்பி ஓ-ரிங் போட்டு அடைத்த பைனாகுலருக்குள் ஈரம் இருக்கவே கூடாது. இருந்தால் அடைப்பு எங்கோ விட்டிருக்கிறது. உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. பைனாகுலரைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் அரைமணி நேரம் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். எடுத்ததும் வெளிக் கண்ணாடியை உலர்ந்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே சுத்தமாக இருக்கும்போதும் உள்ளே மூட்டம் நின்றால் அதை வீடியோ எடுங்கள். சீரியல் நம்பரில் தொடங்கி, வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வாரண்டிக் கோரிக்கையில் இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

ஒரு எச்சரிக்கை. கார்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஐபிஎக்ஸ் என்பது நீர் தாங்கும் தர எண். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்தது. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. ‘வெதர் ரெசிஸ்டண்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் தைப்பிங் மழையில் ஒரு மணி நேரம் நனைந்த பைனாகுலருக்காகச் சண்டை போடுவது கடினம்.

அறிகுறி: உள்ளே நூல் நூலாக, சிலந்தி வலைபோல்

தகராறு அதிகம் கிளம்புவது இதில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இருட்டறையில், முகப்பு லென்ஸ் பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, கண்பக்க லென்ஸ் வழியாக உள்ளே பாருங்கள். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடிக்கக் கூடாது. கிளை கிளையாக நூல் ஓடினால் பூசணம். முழுப்பரப்பும் ஒரே சீராகப் புகைந்திருந்தால் கிரீஸ் படலம். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் பட்டை பட்டையாக உள்நோக்கி வந்தால், இரண்டு லென்ஸை ஒட்டிய பசை பிரிகிறது. அங்கங்கே தனிப்புள்ளிகள் மட்டும் என்றால் தூசி. நான்குக்கும் வாரண்டியில் நான்கு விதி: பசை பிரிவது தயாரிப்புக் குறை என்று வாதிட நல்ல இடம் உண்டு, கிரீஸ் படலத்தில் ‘சூட்டில் வைத்தீர்களா’ என்று கேட்பார்கள், தூசியைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பூசணத்தில் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பைனாகுலர் அடைத்ததா, அடைக்காததா?

அடைக்காதது என்றால், அதாவது குழல் வளைந்து அகன்ற பழைய ‘போரோ’ வகை, விலை குறைந்த மடக்குப் பைனாகுலர் இவற்றில், நம் நாட்டுக் காற்றின் ஈரம் தானாக உள்ளே போகும். காற்றின் ஈரப்பதம் இங்கே சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும். 60 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் இருந்தாலே பூசணத்துக்குப் போதும். தோல் உறையில் மூடி அலமாரியில் வைத்திருந்தால் அந்த உறையே பூசணத்துக்கு வீடு. இதற்கு வாரண்டி கேட்டு நேரத்தைக் கழிக்காமல் சுத்தம் செய்யும் செலவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமதம் வேண்டாம். பூசணம் சுரக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் அதன் தடம் கண்ணாடியில் நிற்கும்.

அடைத்தது என்றால் கதை வேறு. வாயு நிரப்பி முத்திரையிட்ட குழலின் உள்பக்கத்தில் பூசணம் வளர வேண்டுமானால் ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். ஈரம் போக வேண்டுமானால் அடைப்பு விட்டிருக்க வேண்டும். ஆகவே அங்கே பூசணம் என்பது விளைவு, குறை அடைப்பில். கடிதத்தில் இந்த வரிசையிலேயே எழுதுங்கள்: விளம்பரத்தில் ‘நைட்ரஜன் நிரப்பியது, தண்ணீர் புகாது’ என்று இருந்தது, வாங்கிய தேதி இது, ஈரம் முதலில் தெரிந்த தேதி இது, வெளியே இடித்த அடையாளம் இல்லை, திருகாணி தொடப்படவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: ‘அடைப்பைச் சோதித்தீர்களா? சோதனை முடிவை எழுத்தில் தரவும்.’ பூசண விலக்கைக் காட்டி மறுப்பவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அடைத்த பைனாகுலரிலும் பூசணம் வெளிப்பரப்பில், கண் ரப்பரின் அடியில் மட்டும் இருந்தால் இந்த வாதம் நிற்காது. அது பராமரிப்புக் குறை. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, பத்து லிட்டர் கொள்ளளவுக்கு 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி போடுங்கள். பைனாகுலரை உறை இல்லாமல் வையுங்கள்.

அறிகுறி: ஒன்று இரண்டாகத் தெரிகிறது, பார்த்தால் தலை வலிக்கிறது

இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. குழலுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் நகர்ந்திருக்கும். சிலருக்கு இரட்டையாகத் தெரியாது. மூளை இரண்டையும் இழுத்து ஒட்டிவிடும், பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும். ‘எனக்குத்தான் கண் சரியில்லை’ என்று இருந்துவிடாதீர்கள்.

அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கிடைக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் பால் சேர்க்கும் பால்கொட்டாயின் தகரக் கூரை விளிம்பு போதும். ஃபோக்கஸ் செய்துவிட்டு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளுங்கள். இப்போது இரண்டு வட்டம் தனித்தனியே தெரியும். இரண்டிலும் கூரை விளிம்பு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் கோணல். பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு சமாளிக்கும். மேல்கீழ் விலகலைச் சமாளிக்காது. நடுக்கீலை முழுதாக விரித்து ஒருமுறை, ஒடுக்கி ஒருமுறை சோதியுங்கள்.

இதில் மறுப்பு எப்போதும் ஒரே மாதிரி வரும்: ‘இடிபட்டது’. நேர்மையாகச் சொன்னால், பல நேரம் அது உண்மைதான். கழுத்தில் தொங்கியபடி மோட்டார் சைக்கிள் டாங்கியில் முட்டுவதும், முன்கூடையில் போட்டுச் செம்மண் சாலையில் குலுங்குவதும் பிரிசத்தை நகர்த்தப் போதும். ரப்பர் உறையில் தழும்புகூட விழாது. பெட்டியைத் திறந்த அன்றே கோணலாக இருந்ததா என்பதுதான் பிரச்சினையின் முடிச்சு. அதனால் புதுப் பைனாகுலர் வந்த அன்றே இந்தக் கூரைச் சோதனையைச் செய்யுங்கள். இணையக் கடையில் வாங்கியது என்றால் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அதற்குப் பிறகே அழுத்துங்கள். அழுத்தினால் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும், பிறகு பிடிப்பது சிரமம். பெட்டியை வெட்டுவதிலிருந்து வீடியோ ஓடட்டும்; பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் அதைக் கிட்டத்தில் காட்டுங்கள். வழியில் இடித்திருந்தாலும், உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு அனுப்பியவருக்கும் கொண்டுவந்தவருக்கும் இடையில்தான்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் மங்கல்

முதலில், இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் டயாப்டர் வளையம் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். வலது குழலை மூடிக்கொண்டு இடக்கண்ணால் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழலை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். சில மாடல்களில் வளையம் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், இழுத்துத் திருப்ப வேண்டும். சரியாகிவிட்டால் வேலை முடிந்தது.

சரியாகவில்லை என்றால் ஒரே கண்ணால் இரண்டு குழலையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டிலும் மங்கல் என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். ஒரு குழலில் மட்டும் எவ்வளவு திருப்பினாலும் கூர்மை வரவில்லை என்றால் லென்ஸ் மையம் தவறிப் பொருந்தியிருக்கிறது. அது தயாரிப்புக் குறை, தயங்காமல் கேளுங்கள். டயாப்டர் வைத்த இடத்தில் நிற்காமல் தானே நழுவினாலும் அப்படியே.

குறை அல்லாதவை

வெளுத்த வானத்தில் இருவாசிப் பறவையின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரிவது அந்த விலைக் கண்ணாடியின் இயல்பு. கண்ணை அசைத்தால் கறுப்பு நிழல் வருவது கண் ரப்பரின் உயரம் பொருந்தாதது. மூக்குக்கண்ணாடி போடுபவர் ரப்பரை உள்ளே திருகிவிட வேண்டும். டார்ச் அடித்தால் மட்டும் தெரியும் ஓரிரு தூசி பார்வையைக் கெடுக்காது. இவற்றுக்குக் கோரிக்கை அனுப்பினால் அஞ்சல் செலவுதான் மிச்சம்.

அறிகுறி: சக்கரம் சறுக்குகிறது, கண் ரப்பர் கழன்றுவிட்டது

சக்கரத்தைத் திருப்பும்போது படம் நகராமல் கால் சுற்று வெறுமையாக ஓடினால் உள்ளே பல் தேய்ந்திருக்கும். வாரண்டிக் காலத்துக்குள் நியாயமான கோரிக்கை. கரகரவென்று சத்தம் வந்தால் மணல், அதை ஏற்க மாட்டார்கள். கண் ரப்பரைத் தேய்மானப் பொருள் என்று தள்ளுவார்கள். அதற்காகப் பைனாகுலரை அனுப்பாமல், மாடல் பெயர் சொல்லி உதிரிப்பாகத்தை மட்டும் கேளுங்கள். பலர் இலவசமாகவே அனுப்பிவிடுவார்கள்.

‘அந்த மாடல் நின்றுவிட்டது, பாகம் இல்லை’ என்று சொன்னால் அது கடைசிப் பதில் ஆகாது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லியிருந்தால்தான் அவர்களுக்கு விலக்கு.

அறிகுறி: ரப்பர் உறை பிசுபிசுக்கிறது, எழுத்து அழிகிறது

கொசு மருந்தைத் தேடுங்கள். டீட் கலந்த மருந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். தோட்டத்தில் அதைப் பூசாமல் இறங்க முடியாது, ஆனால் பூசிய உள்ளங்கையைக் கழுவிவிட்டுப் பைனாகுலரைத் தொடலாம். ரசாயனச் சேதம் என்று எழுதித் திருப்பிவிடுவார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கைபடாத இடமும் ஒரே சீராகப் பிசுபிசுத்தால் மட்டும் ரப்பரே மட்டம் என்று வாதிடலாம். பிடியில் விரல் அடையாளமாகக் கரைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: லேசர் தூரமானி எண் காட்டவில்லை

கோல்ஃப் ஆடுபவர்கள் கொண்டுவருவது. புது பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரி அறையில் வெள்ளைத் தூள் இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, அது விலக்கில் சேரும். பல நிறுவனங்கள் லென்ஸுக்கு நீண்ட காலமும் மின்னணுப் பாகத்துக்குக் குறைந்த காலமும் கொடுக்கின்றன. கார்டில் இரண்டு வரியையும் படியுங்கள்.

அறிகுறி: பெட்டியில் 60x60, பார்த்தால் கிட்டவே வரவில்லை

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் நிறையக் கிடைக்கிற சரக்கு. இதை ஒரு ரூலரை வைத்தே அம்பலப்படுத்தலாம். பைனாகுலரை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள், சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம். கண்பக்க லென்ஸை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் நடுவில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். முகப்பு விட்டத்தை (x-க்குப் பின் உள்ள எண்) பெருக்க அளவால் (x-க்கு முன் உள்ள எண்) வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு வர வேண்டும். 10x42 என்றால் 4.2 மில்லிமீட்டர், 8x42 என்றால் ஐந்தேகால். 60x60 என்றால் 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். முகப்பு லென்ஸை அளந்தால் 40 மில்லிமீட்டர், வெளிச்ச வட்டம் 4 மில்லிமீட்டர் என்று வந்தால் உண்மைப் பெருக்கம் சுமார் 10 மட்டுமே. வாரண்டிக் கார்டை இங்கே தேட வேண்டாம். பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிற, அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு போதும். ரூலர் வைத்த படமும் பெட்டியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி, பொருளில் அல்ல, பதிலில் வரும் கோளாறுகள்.

‘ஏஜெண்டைப் பாருங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை’

கடைக்காரர் ‘தாக் போலே கிளேய்ம்’ (கோர முடியாது) என்று கையை விரித்தாலும் சட்டம் அவரை விடவில்லை. வாரண்டிக் கார்டு தயாரித்தவர் தரும் வாக்கு. அது போக, விற்றவர்மேல் சட்டம் தானாகவே சில பொறுப்புகளை வைக்கிறது: பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், 32ஆம் பிரிவு. கார்டு இல்லாவிட்டாலும், கார்டின் காலம் முடிந்தாலும் இது உண்டு. விலை, பொருளின் தன்மை, விற்கும்போது சொன்ன சொல் எல்லாம் வைத்துத் தரம் எடைபோடப்படும். 3,000 வெள்ளி (ரிங்கிட்) பைனாகுலரின் அடைப்பு பதினான்காம் மாதம் விட்டால் அதை ஏற்கத்தக்கது என்று சொல்வது கடினம். 90 வெள்ளிப் பைனாகுலருக்கு அதே வாதம் எடுபடாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையும் ரெசிட்டின் அடியில் உள்ள வரியும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

திருத்தக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறு இடத்தில் திருத்தி நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம், அல்லது பொருளை நிராகரிக்கலாம். நிராகரிப்பதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். நியாயமான காலம் கடந்தால் அந்த உரிமை போய்விடும்.

‘இது எங்கள் இறக்குமதி இல்லை’

மலேசியாவின் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னால், பொருள் வேறு வழியாக வந்தது. அவரைத் திட்டுவதில் பயனில்லை. அந்தப் பொருளுக்கு அவர் காசு வாங்கவில்லை. உங்களுக்கு விற்றவரையும் அதை இறக்கியவரையும் பிடியுங்கள். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே நிலையான வியாபார இடம் இல்லையென்றால், அதை இறக்குமதி செய்தவரையோ விநியோகித்தவரையோ தயாரிப்பாளராகவே இந்தச் சட்டம் எண்ணுகிறது. ‘கடை வாரண்டி’ என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் அந்த முத்திரைதான் உங்கள் ஆவணம். கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் அதில் படிக்கும்படி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

‘வாழ்நாள் வாரண்டி’ என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் விஐபி வாரண்டி ரெசிட் கேட்பதில்லை, கை மாறினாலும் தொடரும்; ஆனால் தொலைந்தது, திருடுபோனது, வேண்டுமென்றே கெடுத்தது, பார்வையைப் பாதிக்காத வெளித்தோற்றச் சேதம் ஆகியவை அதில் சேரா. வேறு பல நிறுவனங்களில் ஒரு நாட்டில் தரும் வாக்கு இன்னொரு நாட்டில் செல்லாது. அமெரிக்க இணையப்பக்கத்தில் படித்ததை வைத்து ஈப்போவில் வாதாடாதீர்கள். பெட்டியில் வந்த கார்டு எந்த நாட்டுக்கானது என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கி வந்த பொருள்

கடைசியில் சொல்லப்போகும் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் அந்தக் கடையை எளிதில் எட்டாது. அங்கே வேறு வசதி உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன் லா’ விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை முதலிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. அதனால் ரெசிட்டைப் பிள்ளையின் பெயரிலேயே வைத்து, ஆறு மாதத்துக்குள் அவரே கடைக்குக் கொண்டுபோகட்டும்.

‘இடித்த தழும்பு இருக்கிறது’

எங்கே என்று படத்தோடு எழுத்தில் கேளுங்கள். பிறகு நீங்கள் அனுப்புமுன் எடுத்த ஆறு படங்களோடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாத தழும்பு என்றால் வழியில் விழுந்தது. அதற்காகத்தான் கட்டும்போதே கவனம் வேண்டும்: எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை, பெட்டிக்குள் பெட்டி, கழுத்து வாரும் உறையும் இல்லாமல், காப்புறுதி எடுத்து, அனுப்பிய சீட்டைப் பத்திரமாக. தழும்பு உண்மையாகவே உங்கள் கையில் விழுந்தது என்றால், அதற்கும் கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி. இடக்குழல் ரப்பரில் கீறல், ஈரமோ வலக்குழலில் என்றால் அந்தக் கீறல் மறுப்புக்குக் காரணமாகாது. இதைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லுங்கள்.

எதற்கும் பதில் இல்லை

தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. ஒரு கடிதம், மலாயில், ஒரு பக்கத்துக்குள்: என்ன பொருள், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, விலை, அறிகுறி, எப்போது தெரிந்தது, என்ன கேட்கிறீர்கள். திருத்தமா, மாற்றா, பணமா, ஒன்றைச் சொல்லுங்கள். 14 நாள் தவணை வைத்து மின்னஞ்சலிலும் பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள்.

தவணை கடந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம், ஊர்ப் பேச்சில் திரிபியூனல். போராங் 1 (படிவம் 1) நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி. கோரிக்கை 50,000 வெள்ளிக்குள், உரிமை எழுந்த மூன்று ஆண்டுக்குள். இணையத்திலும் பதியலாம், உள்நாட்டு வாணிப அமைச்சின் ஈப்போ அலுவலகத்திலும் கொடுக்கலாம். எதிராளி பெயரில் கடைப் பலகையில் உள்ளதை எழுதாதீர்கள். கம்பெனிப் பதிவகத்தில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். பெயர் தவறினால் தீர்ப்பு வந்தும் பிடிக்க ஆள் இருக்காது. எதிராளிக்கு உங்கள் போராங் 1 கிடைத்தபின் போராங் 2இல் பதில் தர 14 நாள். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். ஃபேஸ்புக்கில் தன் பழைய பைனாகுலரை விற்ற தனி ஆள்மேல் இங்கே வர முடியாது. வியாபாரமாக விற்றவர்மேல்தான் வரலாம்.

விசாரணை நாளில் எல்லாத் தாளிலும் மூன்று நகல் கொண்டுபோங்கள். பைனாகுலரையும் கொண்டுபோங்கள், ஒரு டார்ச்சும் ரூலரும் கூட. தலைவர் ஒளியியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. டார்ச்சை எந்தக் கோணத்தில் பிடித்தால் நூல் தெரியும் என்று வீட்டிலேயே பத்துமுறை பழகிவிட்டுப் போனால், அவர் கையில் கொடுத்ததும் தெரிந்துவிடும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிராளி நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். பதினைந்தாம் நாள் காலையிலேயே தீர்ப்பாயத்துக்கு எழுதிக் கொடுங்கள்.